பூவுக்குப் பெயர் உண்டு, தீட்டிய கைக்கு?

குற்றாலம் என்றதும் நம் நெஞ்சில் எழுவது எது? ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலையைத் தாண்டி வரும் சாரல், ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசும் குளிர்காற்று, பாறையில் மோதிப் பொங்கும் பேரருவி, ஐந்தாய்ப் பிரிந்து வீழும் ஐந்தருவி! வருகிறோம், குளிக்கிறோம், களிக்கிறோம், தென்காசிக்குத் திரும்பி ரயில் ஏறுகிறோம். அந்த அருவிக்கு மேலே அடர்ந்து கிடக்கும் காட்டில், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஓர் அறிவுப் பணியை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

எண்ணிப் பார்க்க நம்மை விடாத கதை ஒன்று உண்டு. அருவி நீரில் மூலிகை கலந்து வருகிறதாம். தலையில் விழுந்தால் தீராத நோயும் தீருமாம்! எந்த மூலிகை? எந்த நோய்? எத்தனை நாளில் தீர்ந்தது? யார் சோதித்தார்? கேட்டால், "அதெல்லாம் சித்தருக்கே வெளிச்சம்" என்று விடை வரும். மூலிகையில் மருந்தில்லை என்று நான் வாதிட வரவில்லை. நம் முன்னோர் பச்சிலையின் பயன் பலவற்றை அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிந்ததை மறைமொழியில் பொதிந்து, தகுந்த சீடனுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லி, சீடன் கிடைக்காதபோது தன்னோடு சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்ற பழக்கமும் இங்கேதான் இருந்தது. பூட்டி வைத்த அறிவு, பூட்டியவன் மறைந்ததும் மறைகிறது. திறந்து வைத்த அறிவோ, திறந்தவன் மறைந்த பின்னும் வளர்கிறது. இந்த வேற்றுமைக்குக் குற்றாலத்துக் காடே சான்று.

ஸ்காட்லாந்தில் 1796ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் வைட் என்பவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். படைவீரர்களின் காயத்துக்குக் கட்டுப் போடுவது பிழைப்பு. செடி கொடிகளைத் தேடுவது வேட்கை. 1831இல் விடுமுறையில் தாயகம் சென்றபோது அவருடன் கப்பலேறிய உலர்ந்த செடிகள் ஏறத்தாழ ஓர் இலட்சம்! 1834இல் திரும்பி வந்தவரைப் பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் சேர்த்தனர். அந்தப் படையோடு 700 மைலுக்கு மேல் தரைவழியே பயணம் செய்து பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார். அங்கிருந்து குற்றாலம் எவ்வளவு தொலைவு? காட்டைக் கண்டார், வியந்தார், ஆராய்ந்தார். குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றிச் சென்னையில் வெளிவந்த அறிவியல் ஏட்டில் கட்டுரை வரைந்தார்.

செடியை ஆராய்வது எப்படி? முழுச் செடியையோ, பூவும் காயும் கொண்ட கிளையையோ எடுத்து, தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, கிடைத்த இடம், நாள், திரட்டியவர் பெயர் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதி வைப்பார்கள். இவ்வளவுதான்! மந்திரமில்லை, மாயமில்லை. வைட் திரட்டியவை இன்றும் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலும் எடின்பரோவிலும் இருக்கின்றன. "வைட் சொன்னது தவறு" என்று எவருக்கேனும் தோன்றினால், அந்தத் தாளையே எடுத்துப் பார்த்து மறுக்கலாம். மறுப்பதற்கு வழிவிட்டு நிற்பதே அறிவியல். "மறுக்காதே, நம்பு" என்பது வேறொன்று. அதன் பெயர் உங்களுக்குத் தெரியும்.

ஆனால், தோழர்களே, உலர்ந்த செடியில் ஒரு குறை உண்டு. நிறம் மங்கும். இதழ் சுருங்கும். பூவின் வடிவம் தட்டையாகும். எனவே வாடுமுன்பே அதைத் தாளில் தீட்டிவைக்கக் கை ஒன்று வேண்டும். அழகுக்காகத் தீட்டும் கை போதாது. மகரந்தத் தாள் எத்தனை, சூலகத்தில் அறை எத்தனை, இலை நரம்பு எப்படிப் பிரிகிறது என்று எண்ணித் தீட்டும் கை வேண்டும். கூட்டினாலும் பொய், குறைத்தாலும் பொய். அந்தக் கைகள் இந்தத் தென்னாட்டில்தான் கிடைத்தன. ஒருவர் ரங்கையா; மற்றவர் கோவிந்து. 1820களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வைட்டுக்காகத் தூரிகை பிடித்தனர்.

ஓவியம் ஒன்றே ஒன்று. உலகெங்கும் அதைப் பார்ப்பது எப்படி? அதற்கு வழி வகுத்தது கல்லச்சு. வைட் பிறந்த அதே 1796ஆம் ஆண்டில் பவேரியாவில் செனிஃபெல்டர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை கொண்ட கோலால் வரைவார்கள். கல்லை நனைத்தால், வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் நீரை விலக்கும். பின்பு எண்ணெய் மை பூசினால், மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம்! எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது நம் வீட்டு அடுக்களையில் நாளும் காண்பது. அதிலிருந்து அச்சுக்கலை ஒன்றையே ஆக்கியது மனித மூளை. வைட் அந்தக் கலையைத் தாமே கற்றார். சென்னையிலேயே படங்களை அச்சிட்டார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட பெருநூலில் உள்ள படத்தட்டுகள் 2,101. அவற்றில் குற்றாலத்துச் செடிகளும் பல.

இந்த நூலைப் பாராட்டும்போது, கம்பெனியின் நோக்கத்தையும் மறந்துவிடலாகாது. சாதிக்காய்க்காகவும் கிராம்புக்காகவும் ஐரோப்பியர் தீவுகளையே குருதியில் நனைத்த காலத்தின் தொடர்ச்சி அது. 1621இல் டச்சுக்காரர் பாண்டாத் தீவுகளில் நிகழ்த்திய படுகொலையை உலகம் அறியும். அந்தச் சாதிக்காயையும் கிராம்பையும் வளர்த்துப் பார்க்கக் கம்பெனி குற்றாலத்திலேயே தோட்டம் போட்டது. வைட்டும் பின்னர் வருவாய்த்துறைக்கு மாற்றப்பட்டு, கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பணியில் அமர்த்தப்பட்டார். இலங்காஷயர் ஆலைகளின் பசி அப்படி! ஆக, அறிவுக்குத் துணையாக வணிகம் வந்ததா, வணிகத்துக்குத் துணையாக அறிவு வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பெயர்களைப் பாருங்கள்; வரலாறு விளங்கும். சென்னை ஆளுநராயிருந்த பென்டிங்கு பிரபுவின் பெயரில் 'பென்டிங்கியா' என்று ஒரு மரம், கமுகைப் போன்றது, இந்தத் தென்மலைத் தொடரிலே நிற்கிறது. குற்றாலத்தின் பெயரையே தாங்கிய நாவல் இன மரமும் உண்டு. பிரபுவுக்கு ஒரு மரம், ஊருக்கு ஒரு மரம். ஓவியருக்கு? படத்தின் அடியோரத்தில் "ரங்கையா வரைந்தது" என்று சின்னஞ்சிறு எழுத்து! ஆனால் 1853இல் வைட் ஒன்று செய்தார். ஆர்க்கிடு இனச் செடி ஒன்றைப் புதிய பேரினம் என்று கருதி, தம் ஓவியரைச் சிறப்பிக்க அதற்குக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டார். ஒரு நாட்டுப்புற ஓவியன் பெயர் இலத்தீன் உடையுடுத்தி அறிஞர் அவையில் ஏறியது!

ஏறியது, நிலைத்ததா? இல்லை. அது 1833இலேயே லிண்ட்லி என்பவர் 'டிராப்பிடியா' எனப் பெயரிட்ட பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்தது. முந்திய பெயரே நிற்கும் என்பது தாவரவியலின் விதி. விதியில் வஞ்சகம் இல்லை. பிரபு பெயரானாலும் அதே கதிதான். எனினும் கோவிந்துவின் பெயர் நூலின் பக்கத்தில் பழம்பெயராக ஒதுங்கிக்கொண்டது. வைட் பிறந்த நாளும் இறந்த நாளும் ஏட்டில் உண்டு. கோவிந்துவின் பிறந்தநாளை எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

"வெள்ளையன் மறைத்தான்" என்று விரல் நீட்டுமுன், நம் வீட்டு முற்றத்தைப் பார்ப்போம். தென்காசிக் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டினான் என்று பள்ளிச் சிறுவனும் ஒப்பிப்பான். கட்டினானா, கட்டச் சொன்னானா? கல் சுமந்த தோள் யாருடையது? உளி பிடித்த கை யாருடையது? என் வகுப்பில் இதைக் கேட்டபோது மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு கைவினைஞன் பெயர் இருக்கிறது. அதுவும் மன்னன் பெயரைச் சுமந்துகொண்டு! அத்தகைய பெயர் அரிது. மன்னன் பெயரும், மானியம் பெற்றவர் பெயரும் ஏராளம்.

இது வெறும் மறதியா? வங்கத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், 1902இல் வெளிவரத் தொடங்கிய தம் இந்திய வேதியியல் வரலாற்று நூலில் இதற்கு விடை தருகிறார். சாதி இறுகியது, கைத்தொழில் கீழ்ச்சாதிக்கு என்று ஒதுக்கப்பட்டது, சிந்திப்பவன் கையை அழுக்காக்கிக்கொள்ளவில்லை, செய்பவன் ஏட்டைத் தொட விடப்படவில்லை, ஏன், எப்படி என்ற கேள்வி செத்தது, அறிவியல் தேய்ந்தது. இதுவே அவர் முடிவின் சாரம். மூளையையும் கையையும் பிரித்த நாட்டில் அறிவியல் எங்கிருந்து முளைக்கும்? வைட்டின் மேசையில் நடந்தது என்ன? ஏடறிந்தவனும் தூரிகை அறிந்தவனும் ஒரே பூவின்மேல் குனிந்தார்கள். பிரிந்ததைக் கூட்டியதால் 2,101 படங்கள் பிறந்தன!

காலம் மாறாமல் இல்லை. 2007இல் எடின்பரோ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி என்ற அறிஞர், வைட்டைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டபோது, ஒரு தொகுதியின் தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து ஆகிய பெயர்களைப் பொறித்தார். அடியோரத்தில் இருந்த பெயர் அட்டைக்கு வர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

படம் வரைந்தவனுக்கு மட்டுமல்ல, பச்சிலையைக் காட்டியவனுக்கும் உரிமை உண்டு. குற்றாலத்துக்குத் தெற்கே, இதே மலைத்தொடரின் அகத்தியர் மலைப் பகுதியில் வாழும் காணிக்காரர், களைப்பைப் போக்கும் ஒரு காட்டுக் காயை 1987இல் கேரள அறிவியலாருக்குக் காட்டினர். அதிலிருந்து மருந்து செய்யும் உரிமை 10 இலட்ச ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, அதில் பாதி காணிக்காரர் அறக்கட்டளைக்கு என்று முடிவாயிற்று. தொகை சிறிது, பங்கீட்டில் குறைகளும் சொல்லப்பட்டன. ஆயினும் "நீ காட்டினாய்; உனக்கும் பங்கு" என்று ஆய்வுக்கூடம் காட்டுக்குச் சொன்னது பெரிது.

இளைஞர்களே! குற்றாலத்துக்குப் போங்கள், குளித்து மகிழுங்கள். அடுத்த முறை ஒரு குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு செடியின் பெயரும் பயனும் சொன்னால், எழுதிக்கொள்ளுங்கள். எங்கே, என்று, எந்த நோய்க்கு என்று எழுதுங்கள். உண்மையா என்று சோதிக்க அறிந்தவரிடம் அதைக் கொடுங்கள். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். அடியோரத்திலே சின்னஞ்சிறு எழுத்தில் வேண்டாம். முதல் வரியிலேயே எழுதுங்கள்!