வாங்குவதா, காத்திருப்பதா? - ஹாங்காங் எழுதிய பரீட்சை

நம்ம வட்டத்துல யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி வந்துடுது. "வீட்டை இப்பவே வாங்கிடலாமா, இல்ல விலை இறங்கட்டும்னு இருக்கலாமா?" கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் பதிலையும் கையோட கொண்டு வந்திருப்பாங்க, நாம தலையாட்டினா போதும் :-) எனக்கு ஜோசியம் தெரியாது மக்களே. பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கற பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் புரட்டினதுல, ஒரு ஊரே இந்தக் கேள்விக்குப் பரீட்சை எழுதின கதை கிடைச்சது. ஊர் ஹாங்காங். காலம் 1997-லிருந்து 2003 வரை.

முதல்ல அந்த ஊரோட நிலம் பற்றிக் கொஞ்சம். அங்கே நிலம் எல்லாமே அரசாங்கத்துடையது. மற்றவங்களுக்குக் குத்தகைதான். (செயின்ட் ஜான்ஸ் கதீட்ரல் நிற்கிற இடம் மட்டும் விதிவிலக்கு.) 1984-ல் பிரிட்டனும் சீனாவும் போட்ட கூட்டறிக்கையில், 1997 வரை வருஷத்துக்கு 50 ஹெக்டேருக்கு மேல் புது நிலம் விடக்கூடாதுன்னு ஒரு ஷரத்து. பொது வாடகைக் குடியிருப்புக்கான நிலம் இந்தக் கணக்கில் வராது. ஜனங்க கூடிக்கிட்டே போக, நிலம் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது.

இன்னொரு பக்கம் வட்டி. 1983-லேயே ஹாங்காங் டாலரை அமெரிக்க டாலரோடு 7.80 என்று கட்டிப் போட்டாச்சு. அதனால வட்டி அமெரிக்கா சொல்றபடிதான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் மந்தம், வட்டி குறைவு. ஹாங்காங்கிலோ விலைவாசி வருஷத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டி ஏறிக்கிட்டிருந்தது. பேங்க்ல போட்ட பணம் கரையும், கடன் வாங்கி வீடு வாங்கினா கடன் கரையும். யார்தான் சும்மா இருப்பாங்க?

பழைய அனுபவமும் தைரியம் கொடுத்தது. 1967 கலவரத்தில் வீட்டு விலை விழுந்தது, எழுந்தது. 1982-83-ல் பிரிட்டன்-சீனா பேச்சுவார்த்தை இழுத்தடிச்சப்போ விழுந்தது, எழுந்தது. 1989-ல் தியானன்மென் சம்பவத்துக்கு அப்புறமும் அதே கதை. பயந்து வித்துட்டுப் போனவங்க ஏமாந்தாங்க, துணிஞ்சு வாங்கினவங்க பணக்காரங்க ஆனாங்க. மூணு தடவை ஒரே மாதிரி நடந்தா அதுக்குப் பேர் விதி ஆயிடும் இல்லையா.

அரசாங்கம் வெளியிடுற தனியார் குடியிருப்பு விலைக் குறியீடு ஒண்ணு இருக்கு. 1999-ஐ 100-ன்னு வெச்சுக் கணக்கிடறது. 1995-ன் சராசரி 107. 1996-ல் 117. 1997-ல் 163. ஒரே வருஷத்துல இந்தத் தாவல்! 1995-ல் விலை கொஞ்சம் படுத்தப்போ "இன்னும் இறங்கட்டும்"னு காத்திருந்தவங்க, 97-ல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரிசையில் நின்னாங்க. புதுக் கட்டடங்களுக்கு முன்பதிவு வரிசையில் கிடைக்கிற டோக்கனையே காசுக்குக் கைமாத்தி விட்ட காலம் அது.

1997 ஜூலை 1-ல் ஊர் சீனாவிடம் போனது. மறுநாளே தாய்லாந்து பாட்டை மிதக்க விட்டது, ஆசிய நெருக்கடி ஆரம்பம். அக்டோபரில் புது முதல்வர் துங் சீ-ஹ்வா, வருஷத்துக்கு 85,000 வீடுகள் கட்டுவோம்னு அறிவிச்சார். அதே மாதம் 23-ம் தேதி, டாலர் பிணைப்பைக் காப்பாத்தற சண்டையில், வங்கிகளுக்கு இடையேயான ஒரு ராத்திரி வட்டி 280 சதவீதம் வரை போனது. (85,000 இலக்கை 1998-லேயே கைவிட்டாச்சுன்னு துங் சொன்னது 2000-ல். அதுவரை அது இருக்குன்னு நினைச்சு ஊரே பயந்துக்கிட்டிருந்தது!)

இனிமேதான் பரீட்சையே. 1998 சராசரி 117. அதாவது 97-ஐவிட 28 சதவீதம் கம்மி. பொறுமையா காத்திருந்தவர் இப்ப என்ன செய்வார்? "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ன்னு வாங்கிடுவார். நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனா அடுத்தடுத்து 100, 90, 79, 70. 2003-ல் 62. காத்திருந்து 98-ல் "மலிவா" வாங்கினவருக்கும் அஞ்சு வருஷத்துல மதிப்பில் பாதி கிட்டத்தட்ட காலி. இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வெச்ச இடம் இதுதான். காத்திருந்தவர் தப்பு பண்ணலை. விலை இறங்கும்னு சொன்னார், இறங்குச்சு. அவர் சொன்னதைவிட அதிகமா இறங்குச்சு, அவ்வளவுதான்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 1997-ல் 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கு ஒரு ஃப்ளாட். கையிலிருந்து 12 லட்சம், கடன் 28 லட்சம், 20 வருஷம், ஒன்பதரை சதவீதம் வட்டி. மாதத் தவணை சுமார் 26,000. ஆறு வருஷம் ஒழுங்காகக் கட்டினாலும் பாக்கி 24 லட்சம் பக்கம் நிற்கும். குறியீட்டுக் கணக்குப்படி 2003-ல் வீட்டு மதிப்போ 15 லட்சம். வீட்டை வித்தாலும் கடன் தீராது, மேலே 9 லட்சம் கையை விட்டுக் கொடுக்கணும். போட்ட 12 லட்சத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இந்த நிலைமைக்கு அங்கே 'எதிர்மறைச் சொத்து'ன்னு பேர். மளிகைக் கடை வரைக்கும் புழங்கின வார்த்தை. 2003 ஜூனில் இப்படி மாட்டினவை சுமார் 1,06,000 கடன்கள். வீட்டுக் கடன் வாங்கினவங்கள்ல ஐந்தில் ஒருத்தருக்கு மேல். அதுவும் வங்கிகள் வழக்கமா மதிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் தராத ஊர்ல! (மீதிக்கும் பில்டர்களே இரண்டாவது கடன் கொடுத்து ஆசை காட்டினாங்க, அது தனி.)

இப்ப ஒரு ஆச்சரியம். இத்தனை பேர் மூழ்கியும், தவணை நிலுவை விகிதம் உச்சத்துலயே ஒன்றரை சதவீதத்தைத் தொடலை. ஜனங்க கட்டினாங்க. வயித்தைக் கட்டி வாயைக் கட்டின்னு சொல்வோமே, அது. காரணம் நாணயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சில மாநிலங்களில் சாவியைக் கொடுத்துட்டு நடையைக் கட்டலாம். ஹாங்காங்கில் வீட்டை வித்தது போக மிச்சக் கடனுக்கும் வங்கி துரத்தும். இன்னொண்ணு, வட்டி விழுந்தது. 2000-ல் ஒன்பதரையா இருந்த அடிப்படைக் கடன் வட்டி 2002 கடைசியில் 5. 2001-ல் மூழ்கின கடன்களை வீட்டு மதிப்பில் 100 சதவீதம் வரை புதுக் கடனா மாத்திக்கவும் வங்கிகளுக்கு அனுமதி வந்தது.

உடைஞ்சு போனவங்க யாருன்னா, வேலை போனவங்க. 2002-ல் மட்டும் 25,000-க்கு மேல் திவால் உத்தரவுகள். இது எல்லாமே வீட்டுக் கடன் இல்லை, கிரெடிட் கார்டும் சேர்த்துத்தான். 98 கடைசியிலிருந்து 2004 வரை அங்கே விலைவாசியே இறங்குமுகம். சம்பளம் குறையும், வாங்கின கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஒரே வருஷம், ஒரே மாடி, ஒரே விலை கொடுத்த ரெண்டு குடும்பத்துல, வேலை நிலைச்சவர் 2011-ல் போட்ட விலைக்கு வந்துட்டார் (அந்த வருஷக் குறியீடு 182). வேலை போனவர் 2002-லேயே தெருவுக்கு வந்துட்டார். ரெண்டு பேரும் வாங்கின நேரம் ஒண்ணுதான்.

சரி, கடைசி வரைக்கும் காத்திருந்தவர்? அவருக்கு வாடகையும் பாதிக்குக் கிட்ட குறைஞ்சிருந்தது, ராஜா மாதிரி இருந்திருக்கணும். ஆனா 2003 வசந்தத்தை நினைச்சுப் பாருங்க. சார்ஸ் நோய். அமாய் கார்டன்ஸ்ங்கற ஒரே குடியிருப்பில் 300 பேருக்கு மேல் தொற்று. அதில் ஒரு பிளாக்கையே தனிமைப்படுத்தி ஆட்களை முகாமுக்குக் கொண்டு போனாங்க. ஊர் முழுக்க 299 சாவு. வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டியாச்சு. ஜூலை 1-ல் அஞ்சு லட்சம் பேர் ஊர்வலம். முகமூடியும் தொங்கலில் இருக்கிற வேலையுமா இருக்கிறவர்கிட்ட "இதுதான் அடிமட்டம், வாங்கு"ன்னு சொன்னா அடிக்க வருவார். விலை இறங்கட்டும்னு காத்திருக்கறவர், அது இறங்கும்போது தன் வேலையும் மனசும் மட்டும் அப்படியே இருக்கும்னு கணக்குப் போடறார்.

அந்த ஜூலை கடைசியில் சீனப் பயணிகள் தனியா வரலாம்னு கதவு திறந்தது. அதுக்கு முன்னாடியே, 2002 நவம்பரில், அரசாங்கம் நில ஏலத்தையும் மானிய விலை வீட்டுத் திட்டத்தையும் நிறுத்தி வெச்சிருந்தது. 2004 சராசரி 78. "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்"னு இருந்தவருக்கு ஒரே வருஷத்துல கால் பங்குக்கு மேல் ஏற்றம். 2021 செப்டம்பரில் குறியீடு 398.

உடனே "பார்த்தீங்களா, நிலம் கைவிடாது"ன்னு வராதீங்க. 2021 உச்சத்துக்கு அப்புறம் மறுபடி இறக்கம். அமெரிக்க வட்டி ஏற, பிணைப்பு காரணமா இங்கேயும் ஏறுச்சு. 2024 பிப்ரவரியில், விலையை அடக்கப் போட்டிருந்த கூடுதல் முத்திரை வரிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துடுச்சு. அப்படியும் அந்த வருஷம் எதிர்மறைச் சொத்துக் கடன்கள் 30,000-ஐத் தாண்டின. தவணை நிலுவை மட்டும் இந்தத் தடவையும் ரொம்பக் குறைவு.