குச்சி ஐஸ் சப்பிய குழந்தையும் தொப்பை குறைக்கும் மெஷினும்

"டாக்டர், கத்தி இல்லாம, ஊசி இல்லாம, மெஷினை வச்சு கொழுப்பை உறைய வச்சே கரைச்சிடலாமாமே?"

இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. பதிலுக்கு முன்னாடி இது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

1970. எப்ஸ்டீன், ஓரன்னு ரெண்டு மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு குறிப்பு எழுதுறாங்க. குச்சி ஐஸ் சப்பிய பச்சைக்குழந்தைக்கு கன்னத்துல சிவந்து, கெட்டியா வீக்கம். பாதிப்பு தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புலதான். "பாப்சிகிள் பானிகுலைட்டிஸ்"னு பேரு வச்சாங்க.

1980-ல குளிர்காலத்துல குதிரை ஓட்டும் பெண்களுக்கு தொடையில இதே மாதிரி வர்றதா இன்னொரு கட்டுரை.

ஏன் கொழுப்பு மட்டும்? மார்கழியில தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்க. தண்ணி தண்ணியாவே இருக்கும், எண்ணெய் உறைஞ்சு நிக்கும். கொழுப்பு உறையத் தேவையான குளிர், தண்ணி உறையத் தேவையானதைவிடக் குறைவு. அதனால தோலைக் கெடுக்காம கொழுப்பு செல்லை மட்டும் அடிக்க ஒரு இடைவெளி கிடைக்குது. (குழந்தைகளோட கொழுப்புல தேங்காய் எண்ணெய் மாதிரி சாச்சுரேட்டட் வகை அதிகம், அதான் சட்டுனு உறையுது.)

இந்த இடைவெளியைப் பிடிச்சவங்க பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன். சுத்தி இருக்கிற திசுவை விட்டுட்டு இலக்கை மட்டும் லேசரால சுடலாம்ங்கிற கொள்கையை 1983-லயே வெளியிட்டவர் ஆண்டர்சன். அதே யோசனைதான், சூட்டுக்குப் பதில் குளிர். முதல்ல பன்றிகள்ல செஞ்சு பார்த்தாங்க, கட்டுரை 2008-ல வந்துச்சு. குளிர்ந்த கொழுப்பு செல்கள் உடனே வெடிக்கிறதில்லை. மெதுவா சாகுது, மேக்ரோஃபேஜ்கள் வந்து அதைத் தின்னு முடிக்க ரெண்டு மூணு மாசம் ஆகும்.

2010-ல அமெரிக்க எஃப்டிஏ இடுப்புப் பக்கவாட்டு மடிப்புக்கு அனுமதி கொடுத்துச்சு, 2012-ல வயித்துக்கு.

மெஷின் வச்ச இடத்துல கொழுப்பு அடுக்கின் தடிமன் சுமார் 20-25% குறையும். அவ்வளவுதான். எடை குறையாது. சுகருக்கும் இதயத்துக்கும் வில்லனா இருக்கிற, குடலைச் சுத்தின உள் கொழுப்பை இது தொடவே தொடாது. விளம்பரத்துல இதைப் பெருசா போடமாட்டாங்க.

இன்னொன்னும் போடமாட்டாங்க. சிலருக்கு சில மாசம் கழிச்சு, குறையவேண்டிய கொழுப்பு அதே இடத்துல கெட்டியா, மெஷின் தலையோட வடிவத்துலயே வளர்ந்து நிக்கும். பாரடாக்சிகல் அடிப்போஸ் ஹைப்பர்பிளேசியா. 2014-ல முதல்ல பதிவானப்போ 20,000 தடவைக்கு ஒண்ணுன்னு கணக்கு. பின்னாடி வந்த ஆய்வுகள்ல அதைவிட அதிகம். ஏன் வருதுன்னு இன்னும் தெளிவா விளங்கல. தானா வத்தாது, பெரும்பாலும் லைப்போசக்‌ஷன்தான் வழி. சூப்பர்மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு இது வந்ததை 2021-ல வெளியில சொன்னப்புறம்தான் உலகம் கவனிச்சுச்சு. அவர் போட்ட வழக்கு 2022-ல சமரசமாச்சு.

இவ்வளவும் தெரிஞ்சும் செய்யணும்னா செய்யுங்க, உங்க விருப்பம். ஆனா குளிர்ல விரல் நீலமாகிறவங்க, கிரையோகுளோபுலினீமியா இருக்கிறவங்க, அந்த இடத்துல குடலிறக்கம் இருக்கிறவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க. அங்க இருக்கிறவங்க இதையெல்லாம் கேட்காமலே மெஷினை மாட்ட வந்தா எழுந்து வந்துடுங்க.