சென்னைப் பெரிய மருத்துவமனையும் டிராம் நிறுத்தமும்

சென்னை அரசு பொது மருத்துவமனையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதன் கட்டடங்களையும் மருத்துவர்களையும் விரித்துரைப்பர். நோயாளர் அவ்விடத்தை எங்ஙனம் வந்தடைந்தனர் என்பதோ பெரும்பாலும் ஆராயப்படாமலே விடப்படுகிறது. அதனை அதன் வாயிலின் முன்னே ஓடிய டிராம் வண்டியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1664-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கோட்டைக்குள் தோன்றிய இம்மருத்துவமனை, கும்பினிப் படைவீரர்க்கென அமைந்தது. 1772-இல் அது கோட்டைக்கு வெளியே இன்றுள்ள இடத்திற் குடியேறிற்று. 1835-இல் அதனோடியைந்த மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. இந்நாட்டு மக்களுக்கு அதன் கதவு திறக்கப்பட்டது 1842-இலேயாம். ஊர் மக்கள் 178 ஆண்டுகள் காத்திருந்தனர் என்பது கருதற்பாலது. எனினும், கதவு திறந்தமை வேறு. அக்கதவை அடைய இயன்றமை வேறு. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ நோயுற்ற ஏழையொருவன் வண்டிக் கூலி கொடுக்கவியலானாயின், நடந்தோ பிறர் தூக்கவோதான் வருதல் வேண்டும். 1873-இல் எதிரே எழுந்த மத்திய இரயில் நிலையம் வெளியூராரைக் கொணர்ந்து இறக்கிற்றேயன்றி, உள்ளூரார்க்கு உதவிற்றில்லை.

அக்குறையை ஓரளவு தீர்த்தது டிராம். 1895 மே 7-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. கல்கத்தாவில் மின்டிராம் வந்தது 1902-இல்தான். தொடக்கத்தில் தெருவினடியே அமைத்த கால்வாய் வழியாக மின்னாற்றல் ஊட்டப்பெற்றது. மழைக்காலத்து வெள்ளம் அதனைக் கெடுத்தமையின், பின்னர் மேலே கம்பி இழுத்தனர். (கடற்கரை ஊரின் மழையை அளந்தறியாது வகுத்த பொறியியல் என இதனைக் கூறலாம்.) 1921-இல் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளப் பாதையில் 97 வண்டிகள் ஓடின. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே சென்றவை மத்திய நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே புகுந்து சென்றன.

பலர் ஒருங்கேறும் ஊர்தியாதலின், தனிவண்டி அமர்த்தவியலாதார்க்கும் அது எட்டியது. ஆயினும் மிகைபடக் கூறலாகாது. படுத்த படுக்கையாய்க் கிடந்தார்க்கு டிராமின் இருக்கை பயன்பட்டிராது. நாள்தோறும் மருந்து பெற வந்த புறநோயாளரும், உள்ளே கிடந்தார்க்குச் சோறு கொணர்ந்த உறவினருமே அதனால் மிகுதியும் பயனுற்றனர் எனக் கொள்வதே பொருத்தமாம். மருத்துவமனையின் வாழ்வில் இவ்வுறவினர் இடம் சிறிதன்று. பதிவேடுகள்தாம் அவரை எண்ணுவதில்லை.

சொல்வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. டகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. அந்நெறிக்கு அடங்காமலே ‘டிராம்’ மக்கள் நாவில் நிலைத்தது. பொது மருத்துவமனை என்பதனையோ அவர்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றே வழங்கினர். அயற்சொல்லோடு ‘பெரிய’ என்னும் தமிழடை புணர்ந்து ஒரு சொல்லாயிற்று. அவ்வடை, ஊரிலுள்ள பிற மருந்தகங்களினின்றும் இதனைப் பிரித்துணர்த்தியது.

நட்டம் மிக்க டிராம் குழுமம் 1953 ஏப்பிரல் 12-ஆம் நாளோடு ஓட்டத்தை நிறுத்திற்று. பேருந்துகள் அவ்விடத்தை ஏற்றன. மருத்துவமனை 2011 முதல் இராசீவ் காந்தியின் பெயர் தாங்கியது. மக்கள் வழக்கில் பழம்பெயர் மறையவில்லை. அதன் எதிரே 2018 மே 25-இல் நிலத்தடி மெட்ரோ நிலையம் திறக்கப்பெற்றது. தெருவின் கீழே மின்னாற்றல் மீண்டும் ஓடுகிறது. இம்முறை வண்டியும் கீழேயே செல்கிறது.