பருத்த உடலில் கீட்டோ அமில நெருக்கடி: ஆயுள்கால இன்சுலினுக்கு அது சான்றாகுமா?

கீட்டோ அமில நெருக்கடியோடு வெளிப்படும் நீரிழிவு முதல் வகையே என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. தசைக்குள் சர்க்கரை புகத் தேவைப்படும் இன்சுலினைவிடக் கொழுப்புச் சிதைவைத் தடுக்கத் தேவைப்படுவது மிகக் குறைவு. அந்தச் சிறிதளவுகூடக் கிடைக்காதபோதுதான் கொழுப்பு சிதைந்து, கல்லீரல் அதிலிருந்து இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களைக் குவிக்கிறது. எனவே கணையம் அடியோடு ஓய்ந்துவிட்டது என்று கொண்டார்கள். ஆனால் இன்று சுரக்கவில்லை என்பது வேறு, இனி ஒருபோதும் சுரக்காது என்பது வேறு. உடல் பருமனுள்ள பெரியவர்களிடம் முதலாவது உண்மையாக இருந்தும் இரண்டாவது பலமுறை பொய்த்திருக்கிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில் மேரி ஆன் பானர்ஜி குழுவினர் 1994இல் விவரித்த ஆப்பிரிக்க அமெரிக்க நோயாளிகள் நெருக்கடியோடு வந்தவர்கள். ஆனால் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கும் தன்னெதிர்ப்புக்கு அடையாளமான ஜி.ஏ.டி. எதிர்ப்பான் அவர்களிடம் இல்லை. புரூக்ளினின் ஃபிளாட்புஷ் பகுதியின் பெயரால் இது ஃபிளாட்புஷ் நீரிழிவு எனப்பட்டது. மறுஆண்டே அட்லாண்டாவில் கில்லெர்மோ உம்பியெர்ரெஸ் குழுவும் பருத்த உடலினரிடம் இதே போக்கைப் பதிவு செய்தது. சில வாரங்கள் இன்சுலின் செலுத்திச் சர்க்கரை இறங்கியதும் கணையத்தின் சுரப்பு மீண்டது. பலர் ஊசியையே விட முடிந்தது. நீடித்த மிகைச் சர்க்கரையே பீட்டா செல்களை முடக்கியது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அது மீட்சியை நன்றாகவே விளக்குகிறது. அதே அளவு சர்க்கரை ஏறிய மற்றவர்களுக்கு ஏன் நெருக்கடி வருவதில்லை என்பதை விளக்கவில்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கலப்பு வடிவங்களில் ஒன்றாகத் தனியே வைத்தது. இரு வகைப் பிரிவினையில் இதற்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொண்டதாகவே அதைக் கொள்ளலாம்.

யாருக்கும் இன்சுலினை நிறுத்தாதிருப்பதே பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. நெருக்கடியின்போது அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. சுரப்பு மீண்டபின் தொடரும் ஊசியோ எடையைக் கூட்டும், சர்க்கரை திடீரெனத் தாழவும் வழிவிடும். பருமனுள்ளவருக்கும் முதல் வகை வரலாமே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதனால்தான் உடல் எடையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது; எதிர்ப்பான் சோதனையும், உடலின் சொந்தச் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு அளவும் வேண்டும். சி-பெப்டைடை நெருக்கடி நாளிலேயே அளந்தால் முடங்கிய செல்லையும் அழிந்த செல்லையும் பிரித்தறிய முடியாது. சில வாரம் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும். எதிர்ப்பான் இல்லாமல், சுரப்பும் மீண்டிருந்தால் கண்காணிப்போடு ஊசியைப் படிப்படியாகக் குறைக்கலாம். மீட்சி நிரந்தரமல்ல, நோய் மறுபடி தலைதூக்குவது உண்டு. ஆகவே மாத்திரையும் எடைக் குறைப்பும் தொடர வேண்டும். சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பு மாத்திரைகளை மட்டும் இவர்களுக்கு எளிதில் எழுதிவிடக் கூடாது. அவை சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோ அமிலத்தை வரவழைக்கக்கூடும் என அமெரிக்க மருந்து ஆணையம் 2015இல் எச்சரித்தது. சர்க்கரை அளவை மட்டும் பார்க்கும் மருத்துவர் அந்த நெருக்கடியைத் தவறவிடுவார்.