பேனல் பெட்டியின் சாவி

ஒரு மில்லிங் மெஷினுக்கு மூன்று ஆட்கள். ஒருவர் தாளைப் பார்த்து எண்களை வாசிக்கிறார். இன்னொருவர் நீளவாக்கு ஹேண்டிலையும், மூன்றாமவர் குறுக்குவாக்கு ஹேண்டிலையும் அந்த எண்ணுக்குத் திருப்புகிறார்கள். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியில், ஜான் பார்சன்ஸின் தொழிற்கூடத்தில் ஹெலிகாப்டர் இறக்கைக்கான டெம்ப்ளேட்டுகளை இப்படித்தான் வெட்டினார்கள். வளைவின் மேல் 200 புள்ளிகளை ஐ.பி.எம். அட்டை இயந்திரத்தில் கணக்கிட்டுத் தந்தவர் அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன். புள்ளிக்குப் புள்ளி வெட்டி, இடையில் நிற்கும் மேட்டை அரத்தால் தேய்த்து எடுத்தார்கள். எண்ணை வாசித்து ஹேண்டில் திருப்பும் வேலையை மெஷினே செய்யட்டும் என்று பார்சன்ஸ் நினைத்ததில்தான் நான் பிழைக்கும் தொழிலின் வேர் இருக்கிறது.

கோவை கணபதியில் பழைய மெஷின்களுக்குப் புதுக் கன்ட்ரோல் போட்டுக் கொடுக்கிறேன். ரெட்ரோஃபிட் என்போம். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, லேத்தில் நின்று, பிறகு பேனல் வேலைக்கு வந்தவன் என்பதால் இந்தத் தொழிலின் வரலாற்றை என்னால் ஒரே ஒரு கேள்வியாகத்தான் பார்க்க முடிகிறது: கன்ட்ரோல் இருக்கும் பேனல் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது?

தொடக்கத்தில் அது பட்டறைக்காரனிடம் இல்லை. 1949இல் அமெரிக்க விமானப்படை பார்சன்ஸின் யோசனைக்குப் பணம் கொடுத்தது. அவர் கன்ட்ரோல் பகுதியை எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்திடம் ஒப்படைக்க, 1952இல் அவர்கள் ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் மெஷினைத் துளையிட்ட காகித நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள். வால்வுகளும் ரிலேக்களும் ஐந்து பெரிய அலமாரிகளை நிறைத்தன. கன்ட்ரோல் கிட்டத்தட்ட மெஷின் அளவுக்கே இருந்தது. நாடாவைத் தயாரித்தவர்கள் ஆபீசில் உட்கார்ந்தார்கள். மெஷின் முன்னால் நின்றவருக்கு ஜாப்பைப் பூட்டுவதும் கழற்றுவதும் மிஞ்சியது.

அதற்கும் முன்பே வேறொரு வழி இருந்தது. 1946, 47 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில், கைதேர்ந்த ஆள் முதல் ஜாப்பைக் கையால் வெட்டும்போது அவருடைய அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்துகொண்டு, அடுத்தடுத்த ஜாப்புகளை அந்த நாடாவை வைத்து வெட்டினார்கள். வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளிவந்த தன் ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்ஷன்’ நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வேலையின் பிடி தொழிலாளியிடமே தங்கிவிடும் என்பதால்தான் நிர்வாகங்கள் இந்த வழியைக் கைவிட்டன என்பது அவர் வாதம். பாதியளவுக்கு ஒப்புக்கொள்வேன். விமான இறக்கையின் வளைவைக் கையால் வெட்டிக் காட்டவே முடியாது, அங்கே எண்கள்தான் வேண்டும். ஆனால் பம்பு ஷாஃப்ட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே டர்னருக்குத் தெரிந்ததைக் கேட்காமலே ஒரு தொழில்முறை வளர்ந்துவிட்டது.

கோவைப் பட்டறைகளுக்கு, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின் வந்தபோது அது பூட்டிய பெட்டியாகத்தான் வந்தது. சர்வீஸ் ஆள் வந்து திறப்பார், பாராமீட்டர் மாற்றுவார், பூட்டிவிட்டுப் போவார். இரும்புக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் ஆயுள் ஒன்றல்ல என்பது ஆண்டுகள் போன பிறகுதான் தெரிந்தது. நல்ல காஸ்டிங் பெட் ஐம்பது வருடம் நிற்கும். கன்ட்ரோல் கார்டு பதினைந்து, இருபது வருடத்தில் போய்விடும், மாற்றுக் கார்டும் கிடைக்காது. ஸ்லைடுவே தேயாத, ஸ்பிண்டில் சத்தம் போடாத மெஷின்களைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சல்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது.

சாவியைப் பொதுவில் வைத்தது ஓர் அரசு அலுவலகம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 1990களில் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின் கன்ட்ரோல் மென்பொருள் ஒன்றை எழுதியது. ஈ.எம்.சி. என்று பெயர். அந்நாட்டுச் சட்டப்படி அரசு ஊழியர்கள் எழுதியதற்குப் பதிப்புரிமை கிடையாது, ஆகவே அது எல்லோருக்கும் சொந்தமானது. உலகெங்கும் பட்டறை வைத்திருந்தவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கேட்டதால் 2011இல் அது லினக்ஸ் சி.என்.சி. ஆனது. என் தொழிலில் நான் நன்றி சொல்ல வேண்டிய முதல் இடம் அதுதான்.

மென்பொருள் கிடைத்தும் ஒரு சிக்கல் நீடித்தது: நேரம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு பல்ஸுக்கு ஓர் அடி நகரும். சுற்றுக்கு 200 அடி, டிரைவில் ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்தால் 2,000. 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூவில் பல்ஸுக்கு 2.5 மைக்ரான் வரும். டேபிள் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. ஓட வேண்டுமென்றால் நொடிக்கு 20,000 பல்ஸ், அதாவது 50 மைக்ரோ நொடிக்கு ஒன்று. அந்த வேகத்தில் பல்ஸ் தாமதித்தால் மோட்டார் அடி தவறும். தவறியது யாருக்கும் தெரியாது, ஜாப் அளவில்தான் தெரியும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கோ திரையும் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் ஒரே சமயத்தில் வேலை சொல்கின்றன. அதற்காகவே லினக்ஸின் கெர்னலை நேரம் தவறாதபடி திருத்தி, பிரின்டருக்கென்று இருந்த பாரலல் போர்ட் வழியாகப் பல்ஸை அனுப்பினார்கள். அது நன்றாகவே ஓடியது. பிறகு வந்த கம்ப்யூட்டர்களில் பாரலல் போர்ட்டே இல்லாமல் போயிற்று. கம்ப்யூட்டரின் விசிறி இழுத்து உள்ளே சேர்க்கும் காஸ்டிங் தூசியும் ஒரு தீராத தலைவலி.

2013இல் 45 டாலர் விலையில் வந்த பீகிள்போன் பிளாக், உள்ளங்கையில் அடங்கும் ஒற்றை போர்டு. அதன் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. அதே சிப்புக்குள் பி.ஆர்.யு. என்று இரண்டு சிறிய பிராசஸர்கள் 200 மெகாஹெர்ட்ஸில் தனியாக ஓடுகின்றன. அவற்றுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடையாது, குறுக்கே யாரும் பேசுவதில்லை. கட்டளைக்கு 5 நானோ நொடி என்பதால் நம் 50 மைக்ரோ நொடிக்குள் 10,000 கட்டளைகள் முடிந்துவிடும். பாதை எங்கே போக வேண்டும் என்று பெரிய பிராசஸரில் ஓடும் லினக்ஸ் சி.என்.சி. ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை கணக்குப் போட, பல்ஸைப் பி.ஆர்.யு. தவறாமல் அடிக்கிறது. அவசரமும் நிதானமும் வெவ்வேறு கைகளுக்குப் போய்விட்டன. எம்.ஐ.டி.யின் ஐந்து அலமாரிகள் செய்த வேலையைவிட அதிகமாக இந்தப் போர்டு செய்கிறது. விசிறியில்லாமல், மூடிய பேனலுக்குள் தூசி படாமல் கிடக்கிறது.

2012இல் வந்த ராஸ்பெரி பை போர்டு இன்னும் பேர்பெற்றது. ஆனால் பல்ஸ் அடிக்கத் தனி பிராசஸர் அப்போது அதில் இல்லை, அதற்கென ஒரு கார்டைப் பக்கத்தில் சேர்த்தால்தான் நம்பலாம். இன்னொரு பக்கம், நார்வேயில் 2009இல் பிறந்த ஜி.ஆர்.பி.எல். என்ற கன்ட்ரோல் மென்பொருள் 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ போர்டிலேயே மூன்று அச்சை ஓட்டுகிறது. சிப் சிறியதுதான், ஆனால் அதற்கு வேறு வேலையே இல்லை. எங்கள் தொழிலுக்கு வேகத்தைவிட நேரம் தவறாமைதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எமர்ஜென்சி பட்டனைப் போர்டு வழியாக விடக் கூடாது. அது நேராகக் கான்டாக்டரை விழ வைத்து டிரைவின் கரன்டை வெட்ட வேண்டும், போர்டுக்குச் சேதி மட்டும் போனால் போதும். கை விரல்கள் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துக்கு பீகிள்போன் போட்டபோது, அங்கேயே வெகுகாலம் வேலை பார்த்த டர்னர் ஒருவர் கேட்டார்: “ஏந் தம்பி, கையில ஓட்டும்போது சத்தம் மாறுனா ஃபீடைக் கொறைச்சுக்குவேன். இதுக்கு அது தெரியுமா?”

“தெரியற மாதிரி பண்ணிரலாங்ணா” என்றேன்.

லினக்ஸ் சி.என்.சி.யில் ஃபீடை ஓட்டத்திலேயே கூட்டிக் குறைக்க ஓர் உள்ளீடு இருக்கிறது. ஸ்பிண்டில் டிரைவ் லோடுக்கேற்ப 0 முதல் 10 வோல்ட் வரை வெளியே தருகிறது. பீகிள்போனின் அனலாக் பின் 1.8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து உள்ளே கொடுத்தேன். மீதி, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சில வரிகள். எத்தனை லோடில் குறைக்கத் தொடங்க வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண்களை அவரிடம் கேட்டேன். டூலை வெட்டில் விட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, திரையில் ஏறும் லோடைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: காஸ்டிங்குக்கு ஒன்று, இ.என்.8 எஃகுக் கம்பிக்கு வேறொன்று. கார்பைடு டிப் தேய்ந்திருக்கும்போது எப்படி என்று அடுத்த வாரம் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அந்த ஃபைலை எப்படித் திறப்பது என்று கேட்டார்.