ஈயநச்சு (குழந்தைப் பருவம்)

குழந்தைப் பருவ ஈயநச்சு என்பது குடிநீர், பெயின்ட், தூசி வழியாக ஈயம் உடலில் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நிலை.

மூலம்: ஈயக் குழாய், பற்றவைத்த இணைப்பு, பித்தளைக் குழாய், ஈயம் கலந்த பிவிசி. இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில் ஈயம் மிகும், கொதிக்கவைத்தாலும் நீங்காது.

விளைவு: உடலில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் தங்கும். கவனச் சிதறல், மிகைத்துடிப்பு, மூர்க்கம், நுண்ணறிவுக் குறைவு பின்னாளில் தோன்றலாம். பாதுகாப்பான இரத்த ஈய அளவு அறியப்படவில்லை.

ஆய்வு: சென்னையில் 3–7 வயதுக் குழந்தைகள் 756 பேரிடம் நடந்து, 2009இல் வெளியான ஆய்வு, இரத்த ஈயம் கூடியவர்களிடம் பதற்றமும் கவனக் குறைபாடும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

கட்டுப்பாடு: ஈய பெட்ரோலை இந்தியா 2000இல் கைவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.