இரு தூய்மைகள்: நாயினப் பெருக்கமும் வாயில்லா உயிர்களின் உரிமையும்

சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூரில் வைகறைத் தொழுகையை முடித்து வீடு திரும்புவோர் இருவகை நாய்களைக் காண்பர். ஒருவகை தெருவிலேயே பிறந்து தெருவிலேயே மடிவது. மற்றொன்று அடுக்குமாடி வீட்டிலிருந்து கழுத்துப்பட்டையுடன் அழைத்து வரப்படுவது. பனிநிலத்திற்கென உருவான ஹஸ்கியாகவோ, சப்பை மூக்கால் மூச்சுவிடத் திணறும் பக்காகவோ அது இருக்கக்கூடும். முதலாவதைக் கல்லெறிந்து துரத்தும் சமூகம் இரண்டாவதன் வம்சாவளிச் சான்றிதழுக்குப் பல்லாயிரம் ரூபாய் தருகிறது. நம்மில் பலரோ இரண்டையும் கண்டு ஆடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடக்கிறோம். 'நஜீஸ்' என்ற ஒரு சொல்லோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது.

ஆக, நாயைச் சுற்றி இருவகைத் தூய்மைகள் பேசப்படுகின்றன. ஒன்று ஃபிக்ஹு நூல்கள் பேசும் தஹாரத். மற்றொன்று சந்தை பேசும் இனத்தூய்மை. முன்னதைக் காரணம் காட்டி நாம் அக்கறையைத் துறக்கிறோம். பின்னதைக் காரணம் காட்டி அவ்வுயிரின் உடலையே சிலர் சிதைக்கின்றனர். இரண்டும் எங்கே பிழைபடுகின்றன என்பதை வரலாற்றின் துணைகொண்டு பார்ப்பது நம் கடமை.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கிறது. வேட்டைக்குப் பழக்கப்பட்ட விலங்குகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது (5:4). குகைவாசிகளின் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை அவர்களுடைய வரலாற்றிலிருந்து பிரிக்காமல் சொல்கிறது (18:18). தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிப்புப் பெற்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த நாயின் இனம் என்னவென்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்ற சட்டமும் அதே நபிமொழித் தொகுப்புகளில்தான் உள்ளது. அது வணக்கத்திற்கான தூய்மையைக் குறித்த விதி. வன்மத்திற்கான அனுமதிச் சீட்டன்று. மாலிக்கீ மத்ஹபினர் உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கொள்கின்றனர். அதை அசுத்தமெனக் கொள்ளும் ஷாஃபிஈ அறிஞர்களும் அதற்கு நீர் மறுப்பதை ஆகுமாக்கவில்லை.

நாயின் விலையைப் பற்றிய விவாதம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நாயின் கிரயத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ மஸ்ஊத் அல்அன்ஸாரீ (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. இதனைக் கொண்டு இமாம் ஷாஃபிஈ நாய் விற்பனையைச் செல்லாததாகக் கண்டார்கள். வேட்டை, மந்தை, விளைநிலம் ஆகியவற்றின் காவலுக்காக ஒருவர் நாயை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அவருடைய விற்பனைச் சரக்காகாது. இமாம் அபூஹனீஃபாவோ பயனுள்ள நாயை விற்பதை அனுமதித்தார்கள். தமிழகக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மரபும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மரபும் பெரும்பான்மையாக விளங்குவதால் இவ்விரு கருத்துகளும் நமக்கு அயலானவை அல்ல. வேறுபாடு பெரிதே. எனினும் நாய் ஏதேனும் ஒரு பணிக்காக மனிதனோடு வாழ்கிறது என்பதே இரு தரப்பாரின் விவாதத்திற்கும் அடித்தளம். அழகுப் பொருளாக, குலப்பெருமையின் சின்னமாக அதற்கு விலை வைப்பதை இரு மரபுகளும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளவில்லை.

அரபியர் விலங்குகளின் வம்சாவளியைப் போற்றவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். போற்றினர். ஹிஷாம் இப்னுல் கல்பீ குதிரைகளின் வம்சத்தைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஸலூகி வேட்டைநாய்கள் பாலைவனத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்தன. ஆனால் அந்த மரபில் வம்சத்திற்குச் சான்று ஓட்டமும் உழைப்புமே. ஓட இயலாத குதிரையையும் மூச்சிரைக்கும் நாயையும் எந்த வம்சப் பட்டியலும் உயர்த்திவிட முடியாது. ஹிஜ்ரி 255-ல் மறைந்த அல்ஜாஹிழ் தமது 'கிதாபுல் ஹயவான்' நூலில் நாயின் தரப்பிலும் சேவலின் தரப்பிலும் நீண்ட வழக்காடலை அமைத்தபோதும், அவ்வுயிர்களின் இயல்பையும் அறிவையும் பயனையுமே எடைபோட்டார்.

இந்த ஒழுங்கு தலைகீழானது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். 1859-ல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. பணியின் இடத்தைத் தோற்றம் பிடித்தது. பதிவேட்டில் உள்ள நாய்களுக்குள் மட்டுமே இணைசேர்த்தல் வழக்கமாயிற்று. வாயில் அடைக்கப்பட்ட சிறு குளத்து நீர்போல் மரபணுக்கள் ஒன்றற்குள்ளேயே சுழன்றன. மறைந்திருந்த குறைகள் மேலெழுந்தன. 2008-ல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் இதனை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே தாய்–மகன், தந்தை–மகள், உடன்பிறப்புகள் ஆகியவற்றின் சேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை லண்டன் சங்கம் நிறுத்தியது. நூற்றாண்டுக்கு மேலாக நடந்த ஒன்று தவறென ஏற்கப்பட அத்தனை காலம் பிடித்தது.

இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் உள்ளது. ஆகவே இது தொலைதூரத்துக் கதையன்று. 2000-களின் தொடக்கத்தில் ஒரு செல்பேசி விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய பக் நாய், நாடெங்கும் அவ்வினத்திற்குச் சந்தையை உண்டாக்கியது. குறுகிய மூச்சுப்பாதையுடைய அந்நாய்க்குச் சென்னையின் கோடை ஒரு தண்டனை. நாய் வியர்வையால் உடலைக் குளிர்விப்பதில்லை, மூச்சிரைத்தே குளிர்விக்கிறது. மூச்சுப்பாதையே அடைபட்டால் என் செய்யும்?

அயலினம் வேண்டாம், நாட்டினம் போதும் என்று சொல்லி இச்சிக்கலைக் கடந்துவிடலாமா? இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியன தமிழ்நாட்டின் பெயர்பெற்ற இனங்கள். 2005-ல் அஞ்சல்துறை இராஜபாளையம் நாய்க்குத் தலை வெளியிட்டது. அழிவிலிருந்து இவற்றைக் காக்கவென்று அரசு சைதாப்பேட்டையில் ஒரு நாயினப்பெருக்க நிலையம் நடத்திவந்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அங்குள்ள பராமரிப்பைக் குறித்து விலங்குநல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்து, ஆய்வுகளும் நடந்தபின், 2016-ல் அதனை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சில வாரங்களில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் எழுந்தபோது, நாட்டினங்களை ஒழிக்கும் முயற்சி இது என்ற குரலும் உடன் எழுந்தது. மண்ணின் இனம் அழியக்கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் இனத்தைக் காப்பது வேறு, அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு நாயைக் காப்பது வேறு. முன்னதன் பெயரால் பின்னது கைவிடப்படுமாயின், காக்கப்படுவது உயிரன்று, பெயர் மட்டுமே. தூய வெண்ணிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் இராஜபாளையத்தின் இலக்கணமாக நாடுவோர், நிறமியற்ற அத்தகைய நாய்களிடையே பிறவிச் செவிடு காணப்படுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டுப்பற்றும் ஒரு குட்டியின் செவியைத் திருப்பித் தராது.

சட்டம் ஓரளவு விழித்துள்ளது. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலியது. அதன்கீழ் 2017-ல் வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகள், வளர்ப்போர் பதிவு பெற வேண்டும், 18 மாதம் நிறையாத பெண்நாயைச் சேர்க்கக்கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று வரையறுத்தன. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாயினப்பெருக்கக் கொள்கை பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 இனங்களை இங்கு இனப்பெருக்கம் செய்யக்கூடாதவையாகக் குறித்தது.

ஆனால் ஈன்று ஓய்ந்த தாய்நாயை இரவில் ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போகும் கையை எந்தக் காவலர் பிடிப்பார்? அங்கே சட்டத்திற்கு முந்திய ஒன்று தேவைப்படுகிறது. ஹிஜ்ரி 660-ல் (1262) கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். சக்திக்கு மீறிச் சுமத்தாதிருத்தல், தங்குமிடத்தைச் செம்மையாக வைத்தல், தீங்கிழைக்கும் விலங்கோடு அடைக்காதிருத்தல் ஆகியன அவற்றுள் சில. எல்லாவற்றிற்கும் மேலாக, முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்கான செலவைத் தொடர வேண்டும் என்கிறார். எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கும் முந்திய இவ்வொரு விதி இன்றைய நாய்ச் சந்தையின் கணக்கேட்டையே மறுக்கிறது. சந்தையில் பயன் தீரும்போது பொறுப்பும் தீர்கிறது. இமாமிடம் பயன் தீரும்போதுதான் பொறுப்பு சோதனைக்குள்ளாகிறது.

காவலுக்கு நாய் தேவைப்படுவோர் வம்சச் சான்றிதழைத் தேடாமல் தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்க்கலாம். எடுத்தபின் அதன் இறுதிநாள் வரை சோறும் நீரும் மருந்தும் தரக் கடமைப்பட்டவர் என உணரலாம். வளர்க்க விரும்பாதோர் வாசலில் ஒரு கிண்ணம் நீர் வைக்கலாம். அதனால் எவருடைய உளூவும் முறியப்போவதில்லை. ஆடையைக் காத்துக்கொள்வது மார்க்கம் என்றால், அந்த உயிரின் தாகத்தைத் தணிப்பதும் அதே மார்க்கமே.